மாரனெல்லோ தந்த மாமனிதர் என்சோ ஃபெராரி

கலை என்று சொன்னவுடன் நம் நினைவில் எழுவன சிற்பமும் ஓவியமும் இசையும் கூத்துமே ஆகும். மோட்டார் காரையும் அவ்வரிசையில் வைத்துப் பேசினால் நம்மில் பலர் நகைக்கக்கூடும். ஆயினும் 2019ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் பொலோனியா நகர நீதிமன்றம், 1962இல் தோன்றிய ஒரு காரின் உருவம் கலைப்படைப்பே என்று ஏற்றுக்கொண்டு, பிறர் அதனைப் படியெடுத்து விற்பதற்குத் தடை விதித்தது. அக்காரின் பெயர் 250 ஜி.டி.ஓ. அதனை உருவாக்கிய ஆலையின் தலைவர் என்சோ ஃபெராரி.

அவருடைய ஆலையில் பிறந்த பழைய கார்களைத் திருகாணி திருகாணியாகக் கழற்றி, பழுது நீக்கி, பிறந்த நாளில் இருந்தவாறே மீட்டெடுக்கும் வேலை இன்று ஒரு தனிக்கலையாக வளர்ந்திருக்கிறது. ஒரு காருக்காக ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். ஆனால் அந்தப் பழைய கார்களின்மேல் ஃபெராரிக்குப் பற்று இருந்ததில்லை என்பதுதான் வியப்பு. பந்தயம் முடிந்த காரை விற்றார். விற்க விரும்பாததை உடைத்தார். பிறர் போற்றிக் காப்பதை அவர் ஏன் திரும்பிப் பாராமல் போனார்? அவருடைய வாழ்க்கையை அறிந்தால் விடை ஓரளவு விளங்கும்.

பட்டறையில் வளர்ந்த பிள்ளை

இத்தாலியின் வடபகுதியில் உள்ள மொடேனா நகரில் 1898ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் என்சோ பிறந்தார். பிறந்த நாள் 18 என்பர். கடும் பனி பெய்து வழி அடைபட்டமையால் இரண்டு நாள் கழித்தே பிறப்பைப் பதிவு செய்தனராம். ஆகவே ஆவணத்தில் 20 என்று உள்ளது. தந்தை அல்ஃபிரெடோ உலோகப் பட்டறை வைத்துப் புகைவண்டித் துறைக்கு வேண்டிய பொருள்களைச் செய்து கொடுத்தார். சுத்தியல் ஓசையும் உலைச் சூடுமே சிறுவனுக்குப் பழக்கமான சூழல். படிப்பில் நாட்டம் குறைவு. மேடைப் பாடகனாவதா, விளையாட்டுச் செய்தி எழுதுவதா, பந்தயக் கார் ஓட்டுவதா என்று மூன்று கனவுகள் அவரைச் சுற்றி வந்தன. 1908இல் தந்தை அவரைப் பொலோனியாவில் நடந்த கார்ப் பந்தயத்திற்கு அழைத்துச் சென்றார். அன்று முதல் மூன்றாம் கனவே மேலோங்கியது.

முதல் உலகப்போர் அக்குடும்பத்தைச் சிதைத்தது. 1916இல் தந்தை நுரையீரல் நோயால் இறந்தார். அதே ஆண்டில் அண்ணனும் மறைந்தார். பட்டறை மூடப்பட்டது. 1917இல் என்சோ படையில் சேர்க்கப்பட்டார். மலைப் பீரங்கிப் படையில் அவருக்குக் கிடைத்த பணி, கோவேறு கழுதைகளுக்கு இலாடம் அடிப்பது. பின்னாளில் உலகின் விரைவான கார்களைச் செய்தவர், நாட்டுக்கு முதலில் செய்த தொண்டு இதுவே. 1918இல் கொடிய நோய் பற்றி, மருத்துவமனையில் நெடுநாள் கிடந்து, உயிர் தப்பி வெளியேறினார்.

டூரின் நகரத்து இருக்கை

போர் முடிந்த குளிர்காலத்தில், கையில் ஒரு பரிந்துரைக் கடிதத்துடன் டூரின் நகருக்குச் சென்று ஃபியட் நிறுவனத்தில் வேலை கேட்டார். இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தந்தையும் இல்லை, தமையனும் இல்லை, தொழிலும் இல்லை. வலென்டினோ பூங்காவில் ஓர் இருக்கையில் அமர்ந்து அழுததாக அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

பிறகு டூரினிலேயே சிறு வேலை ஒன்று கிடைத்தது. போர்க்காலச் சிறு லாரிகளின் மேற்கட்டைக் கழற்றிவிட்டு, அடிச்சட்டத்தை மட்டும் கார் கட்டுவோருக்கு ஓட்டிச் சென்று ஒப்படைக்க வேண்டும். 1919இல் மிலான் நகரில் சி.எம்.என். என்னும் சிறு நிறுவனத்தில் சேர்ந்து முதன்முறையாகப் பந்தயத்தில் ஓட்டினார். 1920இல் ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் அவரை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டே சிசிலித் தீவில் நடந்த டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்றார்.

1923இல் ராவென்னா நகரை அடுத்த சாவியோ பந்தயத்தில் வென்றபோது, போரில் வீழ்ந்த விமான வீரர் ஃபிரான்செஸ்கோ பராக்காவின் பெற்றோரது அறிமுகம் கிடைத்தது. தம் மகன் விமானத்தில் தீட்டியிருந்த துள்ளும் குதிரையைச் சின்னமாக வைத்துக்கொள்ளும்படி அவ்வீரரின் தாயார் கூறினார். கறுப்புக் குதிரையை அப்படியே ஏற்று, மொடேனா நகரின் வண்ணமான மஞ்சளைப் பின்புலமாக ஃபெராரி சேர்த்தார். மகனை இழந்த ஒரு தாயின் நினைவுப் பொருளே இன்று உலகமெங்கும் செல்வத்தின் அடையாளமாக அறியப்படுகிறது.

குழுத் தலைவர்

காரோட்டியாக அவர் திறமைசாலியே. ஆயினும் அவருடைய தனித்திறமை மனிதர்களைக் கண்டறிந்து சேர்ப்பதில் இருந்தது. ஃபியட்டில் இருந்த விட்டோரியோ யானோ என்னும் பெரும் பொறியாளரை 1923இல் ஆல்ஃபாவுக்கு வரச் செய்தவர் அவரே. யானோ வடிவமைத்த பி2 கார் 1925இல் உலகப் பட்டம் பெற்றது. ஆனால் அவ்வாண்டே அக்காரை ஓட்டிய அருமை நண்பர் அன்டோனியோ அஸ்காரி பிரான்சில் பந்தயத் தடத்தில் உயிரிழந்தார்.

1929இல் மொடேனாவில் ஸ்குடேரியா ஃபெராரி என்னும் பந்தயக் குழுவைத் தொடங்கினார். ஆல்ஃபா கார்களைப் பந்தயங்களுக்கு ஆயத்தம் செய்வது அதன் வேலை. 1932இல் மகன் பிறந்தான். இறந்துபோன தந்தைக்கும் தமையனுக்கும் உரிய அல்ஃபிரெடோ என்ற பெயரையே மகனுக்கும் இட்டார். செல்லமாக டீனோ என்று அழைத்தார். அதற்கு முன்பே, 1931இல், தாம் பந்தயம் ஓட்டுவதை விட்டுவிட்டார். 1935இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில், அந்நாட்டு அரசின் ஆதரவு பெற்ற வலிமை வாய்ந்த கார்களை, ஃபெராரி குழுவின் பழைய ஆல்ஃபாவை ஓட்டித் தாட்சியோ நுவோலாரி தோற்கடித்தார்.

1939இல் ஆல்ஃபாவுடன் முரண்பட்டுப் பிரிந்தார். நான்கு ஆண்டுகள் தம் பெயரில் பந்தயக் கார் நடத்தலாகாது என்பது ஒப்பந்தம். ஆகவே வேறு பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கி, ஃபியட் காரின் பகுதிகளைக் கொண்டு 815 என்னும் இரண்டு கார்களைச் செய்து 1940இல் பிரேஷியா பந்தயத்திற்கு அனுப்பினார். இரண்டும் இடையில் பழுதாகி நின்றன.

இடிபாட்டிலிருந்து எழுந்த ஆலை

1943இல் தொழிற்சாலையை மொடேனாவுக்குத் தெற்கே உள்ள மாரனெல்லோ என்ற சிற்றூருக்கு மாற்றினார். 1944இலும் 1945இலும் குண்டுகள் விழுந்து ஆலை சேதமுற்றது. அதனை மறுபடி கட்டி, 1947 மார்ச் 12ஆம் நாள் தம் பெயர் தாங்கிய முதல் காரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தார். அதுவே 125 எஸ். ஜியோவாக்கினோ கொலோம்போ வடிவமைத்த அதன் எஞ்சின் ஒன்றரை லிட்டர்தான். ஆனால் உருளைகள் பன்னிரண்டு. மே மாதம் முதல் பந்தயத்தில் பழுதாகி நின்ற கார், இரண்டு வாரத்தில் ரோம் நகரில் வென்றது. அவ்வாண்டு அக்டோபரில் டூரின் நகரத்து வலென்டினோ பூங்காவிலேயே நடந்த பந்தயத்தில் ஃபெராரி கார் முதலிடம் பெற்றது. அன்று அவர் அதே இருக்கையைத் தேடிச் சென்று அமர்ந்து மீண்டும் கண்ணீர் சிந்தினாராம்.

அதன்பின் வெற்றிகள் தொடர்ந்தன. 1949இல் பிரான்சின் லெ மான் நகரத்து 24 மணி நேரப் பந்தயத்தில், லூயிஜி சினெட்டி ஏறத்தாழ முழு நேரமும் தாமே ஓட்டி ஃபெராரிக்கு வெற்றி தேடித் தந்தார். 1951இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் ஆல்ஃபா கார்களையே ஃபெராரி கார் வென்றது. தம்மை வளர்த்த தாயையே வீழ்த்தியது போல் அவர் வருந்தியதாகச் சொல்வர். 1952, 1953 ஆண்டுகளில் ஆல்பெர்டோ அஸ்காரி உலகப் பட்டம் வென்றார். அவர், முன்னர் உயிரிழந்த அன்டோனியோ அஸ்காரியின் மகன். அவரும் 1955இல் மோன்சா தடத்தில் ஃபெராரி கார் ஒன்றை ஓட்டிப் பார்த்தபோது மாண்டார்.

புகழும் துயரமும்

1956 ஜூன் 30ஆம் நாள் டீனோ 24ஆம் வயதில் தசை நலிவு நோயால் இறந்தார். நோய்ப் படுக்கையிலும் தந்தையுடன் எஞ்சின் வடிவமைப்பைப் பற்றிப் பேசி வந்த பிள்ளை. ஆறு உருளை எஞ்சின் ஒன்றுக்கு டீனோ என்று பெயரிட்டார் தந்தை. மாரனெல்லோவில் தொழிற்பள்ளி ஒன்றையும் மகன் பெயரால் ஏற்படுத்தினார். நாள்தோறும் காலையில் மகனின் கல்லறைக்குச் சென்ற பிறகே வேலைக்குச் செல்வது அவரது வழக்கமாயிற்று.

அடுத்த ஆண்டு, 1957 மே 12ஆம் நாள், மில்லே மில்யா என்னும் ஆயிரம் மைல் பந்தயத்தில் ஃபெராரி கார் ஒன்று டயர் வெடித்துக் கூட்டத்தில் பாய்ந்தது. ஓட்டியவரும் துணைவரும் மட்டுமன்றிப் பார்வையாளர் ஒன்பது பேரும் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். பந்தயம் அத்துடன் நிறுத்தப்பட்டது. ஃபெராரிமீது வழக்குத் தொடர்ந்தார்கள். 1961இல்தான் அவர் விடுவிக்கப்பட்டார். நீதிமன்றம் விடுவித்தது, ஆனால் தம் வீரர்களின் உயிரை அவர் பொருட்படுத்தவில்லை என்ற பழிச்சொல் இறுதிவரை அவரைத் தொடர்ந்தது. 1958இல் மேலும் இரு வீரர்கள், 1961இல் மோன்சாவில் ஒரு வீரரும் பார்வையாளர் பலரும் என்று இழப்புப் பட்டியல் நீண்டது. அவரோ பந்தயத்தை நிறுத்தவில்லை. பந்தயங்களை நேரில் காண்பதைத் தவிர்த்து, கறுப்புக் கண்ணாடி அணிந்து, மாரனெல்லோ அறையிலேயே இருந்து ஆலையை நடத்தினார். 1960இல் பொலோனியா பல்கலைக்கழகம் இயந்திரப் பொறியியலில் மதிப்புறு பட்டம் அளித்தது. பள்ளிப் படிப்பைக் கூட முழுமையாக விரும்பாதவருக்குக் கிடைத்த சிறப்பு அது.

உடைத்தெறிந்த கார்கள்

ஃபெராரிக்குப் பழைய கார் என்பது பணம் கட்டிப்போட்ட இரும்பு. சாலைக் கார்களை விற்றதே பந்தயச் செலவுக்காகத்தான். 1947இல் செய்த இரண்டு 125 எஸ் கார்களும் பிரிக்கப்பட்டு, அவற்றின் பகுதிகள் வேறு கார்களுக்குச் சென்றன. 1961இல் உலகப் பட்டம் பெற்ற 156 என்னும் காரின் முகப்பு சுறா மீனின் மூக்கைப் போன்றது. அதே வகைக் கார்தான் மோன்சா விபத்திலும் சிக்கியது. அவ்வகையில் ஒன்றைக்கூட அவர் விட்டு வைக்கவில்லை. அனைத்தும் உடைக்கப்பட்டன. இன்று நாம் காண்பன பிறர் செய்த படிகளே.

அவருக்கு அடுத்த காரே முக்கியம். இதனைச் சிலர் ஈரமின்மை என்பர். தந்தை, தமையன், நண்பர், மகன் என்று ஒவ்வொருவராகப் பறிகொடுத்தவர் பின்னால் திரும்பிப் பார்க்க அஞ்சினார் என்று கருதவும் இடமுண்டு.

பள்ளிக்கூடத்துக் காரின் கதை

250 ஜி.டி.ஓ. மொத்தம் 36 கார்களே கட்டப்பட்டது. அவற்றுள் 3589 என்னும் எண்ணுள்ள காரின் வரலாறு மாணவர்களாகிய நாம் அறியத்தக்கது. பந்தய வாழ்வு முடிந்ததும் 1964இல் அதன் உரிமையாளர், அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து விக்டோரியா நகர உயர்நிலைப் பள்ளிக்கு அதனை நன்கொடையாகக் கொடுத்தார். மாணவர்கள் கார் பழுதுபார்க்கும் பாடத்தை அதில் கற்றனர். ஊர்வலங்களில் ஓட்டிச் சென்றனர். 1972இல் பள்ளி அதனை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் ஒஹையோ மாநிலத்தில் ஒரு திறந்த வெளியில், இழுவண்டியின் மேல் வெயிலிலும் பனியிலும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் நிறுத்தி வைத்திருந்தார். 1988இல் அது கைமாறிச் சுவிட்சர்லாந்துக்குச் சென்று, பின் சீர்செய்யப்பட்டு மீண்டும் ஓடியது. புதிதில் அமெரிக்காவில் ஏறத்தாழ 18,000 டாலருக்கு விற்ற அவ்வகைக் கார் ஒன்று, 2018இல் ஏலத்தில் 4 கோடியே 84 இலட்சம் டாலருக்குப் போயிற்று.

மீட்கும் முறை

இத்தகைய காரை மீட்பது எப்படி? முதல் வேலை சுத்தியலால் அன்று, கண்ணால். அடிச்சட்டத்தில் பொறித்த எண், எஞ்சின் எண், கியர்ப் பெட்டி எண் ஆகியவற்றை ஆலையின் பழைய ஏடுகளுடன் ஒப்பிட்டு, இது அந்தக் கார்தானா என்று தெளிய வேண்டும். பின்னர் ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்து, சீட்டு ஒட்டிக் கழற்றுவர். வண்ணப் பூச்சை அடுக்கடுக்காகத் தேய்த்துப் பார்த்து, அடியில் உள்ள முதல் நிறத்தைக் கண்டறிவர்.

உடலைத் தொடும்போதுதான் கைத்திறன் சோதிக்கப்படுகிறது. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தியிருக்கும். இரண்டு உலோகங்களும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் அலுமினியம் அரித்துப் பொடியாகும். அரித்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை இணைப்பதே நேர்மையான முறை. மொடேனாவில் ஸ்காலியெட்டியின் தொழிலாளர்கள் அத்தகடுகளைக் கையால் தட்டித்தட்டி வளைத்தவர்கள். ஆதலால் ஒரே காரின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட மயிரிழை அளவு மாறுபடும். இன்றைய டிங்கர் வேலைக்காரர் இரண்டையும் ஒத்தாற்போல் அழகாக்கிவிட்டால், பழைய கைவினைஞரின் கையெழுத்தை அழித்தவராவார். மூலத்தைவிட மேலாகச் செய்வதும் இத்தொழிலில் ஒரு குற்றமே.

எஞ்சினில் பன்னிரண்டு உருளைகள். ஒவ்வொன்றின் கொள்ளளவும் ஏறத்தாழ 250 கன சென்டிமீட்டர். காரின் பெயரே அதனால் வந்தது. இரட்டைவாய் வெபர் கார்புரேட்டர்கள் ஆறு. அவற்றின் பன்னிரண்டு வாய்களும் ஒரே அளவில் மூச்சிழுக்குமாறு இசைவித்தல் வீணைக்குச் சுருதி சேர்ப்பது போன்ற நுண்பணி. எஞ்சின் உடல் வெடித்திருந்தால், பழைய வரைபடத்தைக் கொண்டு புதிதாக வார்க்கவும் இன்று வழியுண்டு. ஆனால் இத்தனையும் புதிதானால் மிஞ்சுவது பழைய காரா, புதிய காரா? இந்த ஐயம் வலுத்தமையால்தான், இருப்பதைக் காத்தலே முதற்கடமை, மாற்றியவற்றையெல்லாம் எழுதி வைத்தல் அடுத்த கடமை என்னும் நோக்கில், பழமைக் கார்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012இல் டூரின் சாசனத்தை ஏற்றது.

ஏடுகள் காத்த செல்வம்

என்சோ ஃபெராரி தம் முதுமையிலும் உழைத்தார். 1969இல் நிறுவனத்தின் பாதிப் பங்கை ஃபியட்டுக்கு விற்றார். முன்பு வேலை இல்லை என்று அனுப்பிய அதே நிறுவனம் இப்போது கூட்டாளியாக வந்தது. பந்தயப் பிரிவின் ஆட்சி மட்டும் அவர் கையிலேயே இருந்தது. 1975, 1977, 1979 ஆண்டுகளில் உலகப் பட்டங்கள் மீண்டும் வந்தன. 1988 ஆகஸ்டு 14ஆம் நாள், 90ஆம் வயதில் மறைந்தார். நான்கு வாரம் கழித்து மோன்சாவில் ஃபெராரி கார்கள் இரண்டு முதல் இரண்டு இடங்களையும் பெற்றன.

2006இல் மாரனெல்லோ ஆலைக்குள்ளேயே பழைய கார்களை மீட்பதற்கெனத் தனிப் பட்டறை ஏற்பட்டது. அது நடப்பது எதனால்? காரைக் காக்காத ஃபெராரியின் ஆலை, காரைப் பற்றிய தாள்களைக் காத்து வந்ததால்தான். எந்தக் காருக்கு எந்த எண் எஞ்சின், எந்தக் கியர்ப் பெட்டி, சோதனையில் எத்தனை குதிரைத்திறன் என்பனவற்றை அன்றைய பணியாளர்கள் நாள்தோறும் எழுதி வைத்தனர். 50 ஆண்டு கழித்து ஒருவர் அதனைப் புரட்டுவார் என்று அவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். தம் பொறுப்பை ஒழுங்காகச் செய்தார்கள், அவ்வளவே. அந்த ஒழுங்குதான் இன்று துருப்பிடித்த சட்டத்துக்கு முகவரி தருகிறது. ஆவணம் என்றால் அரசர்களுக்கும் போர்களுக்கும் மட்டும் உரியது என்று எண்ணும் நமக்கு இது நல்ல பாடம்.

ஆயினும் மீட்புக்கலைக்கும் ஓர் எல்லையுண்டு. அரித்த தகட்டை மாற்றலாம்; வெடித்த எஞ்சினை வார்க்கலாம்; இழந்த நிறத்தைக் கூடக் கண்டறியலாம். 1957 மே மாதத்தில் சாலையோரம் நின்ற அந்த ஐந்து குழந்தைகளைத் திருப்பித் தரும் பட்டறை எங்கும் இல்லை. டீனோவைத் திருப்பித் தரும் ஏடும் இல்லை. நாள்தோறும் கல்லறைக்குச் சென்று வந்த அம்முதியவர் இதனை எவரினும் நன்கு அறிந்திருந்தார். ஃபெராரியின் ஆற்றலை வியப்போம். அவர் கைவினைஞரின் திறத்தைப் போற்றுவோம். அந்தச் சிவப்பு வண்ணத்தின் பளபளப்பில், அதற்குக் கொடுத்த விலையை மட்டும் மறவாதிருப்போமாக.